கருந்தோல் பைகளும் மூன்று படையதிகாரிகளும்: அனிஷினாபே முள் வேலைப்பாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

லிவர்பூல் அருங்காட்சியகத் தொகுப்பில் 1780ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட ஓர் ஓவியம் இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் எட்டாம் ரெஜிமென்ட் அதிகாரியான ஜான் கால்ட்வெல் அதில் நிற்கிறார். சிவப்புச் சீருடையைக் காணோம். தலையில் இறகுகள், மார்பில் வெள்ளி அணிகள், கையில் சிப்பி மணிகள் கோத்த வாம்பம் பட்டை, உடலில் வட அமெரிக்கப் பேரேரிகள் பகுதியின் பழங்குடி உடை, உடன் ஒரு பை. கால்ட்வெல் அயர்லாந்தின் ஃபெர்மானா மாவட்டத்துப் பிரபுக் குடும்பத்தவர். எந்த ஆண்டு எந்தக் கோட்டையில் இருந்தார், எப்போது ஊர் திரும்பினார் என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. அந்த உடையையும் பையையும் தைத்த பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் காலத்துத் தோல்பைகள் அனைத்தின் நிலையும் இதுதான். 1774 முதல் 1809 வரையிலான முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பேரேரிகள் பகுதியிலிருந்து கொண்டுசென்ற பொருள்களை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அவற்றோடு, அதே காலத்தைச் சேர்ந்த, கறுப்புச் சாயமிட்ட மான்தோலில் முள்ளம்பன்றி முட்களால் உருவங்கள் தைக்கப்பட்ட பைகளையும் சேர்த்துப் பார்க்கிறேன். அருங்காட்சியக அட்டை கொண்டுபோனவரைப் பற்றித்தான் பேசுகிறது. செய்தவரைப் பற்றிப் பேசுவது தையல் மட்டுமே என்பது என் வாதம். அந்தத் தையலைப் படிக்க முடியும், படிக்கவும் வேண்டும்.

மூன்று தொகுப்புகள் வந்த வழி

கால்ட்வெல் 1774 முதல் 1780 வரை நயாகரா, டெட்ராய்ட் கோட்டைகளில் பணியாற்றினார். அவர் எடுத்துச்சென்றவை நெடுங்காலம் அயர்லாந்து மாளிகையில் கிடந்தன. பிறகு அவற்றில் ஒரு பகுதி ஆர்தர் ஷ்பையர் என்ற ஜெர்மானியச் சேகரிப்பாளரின் கைக்குப் போனது. 1973இல் கனடா அரசின் தேசிய அருங்காட்சியகம் ஷ்பையரின் தொகுப்பை விலைகொடுத்து வாங்கியது. ஒட்டாவா ஆற்றின் மறுகரையில் இருக்கும் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று அவை உள்ளன. ஏரிக்கரையிலிருந்து அயர்லாந்து, அங்கிருந்து ஜெர்மனி, மறுபடியும் கனடா. ஆனால் எந்தக் குடும்பத்தின் கையிலிருந்து புறப்பட்டதோ அங்கே திரும்பவில்லை.

இரண்டாமவர் லெஃப்டினென்ட் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். 1790களின் தொடக்கத்தில், ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் மிச்சிலிமாக்கினா பகுதியில் இருந்தார். அவர் பெற்ற அனிஷினாபே உடைத்தொகுதி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாமவர் ஜாஸ்பர் கிராண்ட். 1800 முதல் 1809 வரை கனடாவில் ஜார்ஜ் கோட்டை, ஆம்ஹர்ஸ்ட்பர்க் ஆகிய இடங்களில் தளபதியாக இருந்தவர். அவருடைய தொகுப்பு 1902இல் வாரிசுகள் வழியாக டப்ளின் நகரிலுள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தது. 1984இல் அது ஒன்டாரியோ மாகாணத்தின் க்ளைன்பர்க் ஊருக்குக் கண்காட்சிக்காக வந்தபோது, கலை வரலாற்றாளர் ரூத் பிலிப்ஸ் செய்த ஆய்வுதான் இந்தப் பொருள்களை வெறும் ‘படைவீரர் நினைவுப் பொருள்கள்’ என்ற நிலையிலிருந்து மீட்டது.

ஏன் மூவரும் படையதிகாரிகள்? 1763இல் பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்ட், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டாண்டாகக் கொடுத்துவந்த அன்பளிப்புகளை வீண் செலவென்று குறைத்தார். அன்பளிப்பு என்பது அங்கே உறவு. அதை நிறுத்துவது உறவை முறிப்பதற்குச் சமம். அதே ஆண்டு ஏரிப்பகுதிக் கோட்டைகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. மிச்சிலிமாக்கினா கோட்டை வாசலில் ஒஜிப்வே ஆண்கள் பந்தாட்டம் ஆடினார்கள். பந்து மதிலுக்குள் விழுந்தது. எடுக்கப் போனவர்கள் கோட்டையையே பிடித்துவிட்டார்கள். 1764இல் நயாகராவில் ஏறத்தாழ இருபத்துநான்கு இனக்குழுக்களோடு வாம்பம் பட்டைகளைக் கைமாற்றி பிரிட்டிஷார் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு வந்தவர்தான் கால்ட்வெல். அவருக்கும் அவருக்குப் பின்வந்தவர்களுக்கும் அன்பளிப்பை மறுக்கும் துணிச்சல் இருந்திருக்காது. வெளியாள் ஒருவரை உறவாக ஏற்றுக்கொள்ளும்போது புது உடை உடுத்திவிடுவது அங்கே வழக்கம். ஆகவே இவற்றைக் கொள்ளைப் பொருள் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது. விலைக்கு வாங்கியவையும் உண்டு என்பதால் எல்லாம் நட்பின் அடையாளம் என்று உருகுவதும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

யார் இவர்கள், என்ன பை இது

அனிஷினாபே என்பது ஒஜிப்வே, ஒடாவா, பொட்டாவாட்டமி முதலான உறவு இனங்களின் பொதுப்பெயர். இம்மூன்றையும் சேர்த்து மூன்று நெருப்புகளின் கூட்டணி என்பார்கள். சுபீரியர், ஹூரான், மிச்சிகன் ஏரிகளைச் சூழ்ந்த காடுகளும் தீவுகளும் அவர்கள் நிலம். இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். அந்நிலத்தை இன்றைய கனடா, அமெரிக்க எல்லை பின்னால் வந்து குறுக்கே வெட்டியது.

கருந்தோல் பைகள் பொதுவாக ஒரு முழத்துக்குள் அடங்குபவை. மான்தோலை மயிர்நீக்கி, விலங்கின் மூளையைத் தேய்த்து ஊறவைத்து, பிசைந்து இழுத்து மென்மையாக்குவார்கள். பிறகு அடர்பழுப்பு அல்லது கறுப்புச் சாயம் ஏற்றுவார்கள். சதுரமாகவோ நீள்சதுரமாகவோ தைத்து, தோளில் மாட்ட வார் கோப்பார்கள். கீழ் விளிம்பில் தோல் இழைகள் தொங்கும். அவற்றில் முட்கள் சுற்றப்பட்டிருக்கும். நுனியில் தகரத்தாலோ பித்தளையாலோ ஆன சிறு கூம்பும், கூம்புக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் சிவப்புச் சாயமிட்ட மான்மயிரும் இருக்கும். நடக்கும்போது கூம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கிறவர்களுக்கு இந்த ஓசை தவறிவிடுகிறது. பையின் பாதி அழகு அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

கறுப்புத் தோல் ஒரு தேர்வு. பதப்படுத்திய மான்தோல் இயல்பாக வெண்மையாகவும், புகை காட்டினால் பொன்பழுப்பாகவும் இருக்கும். அதன்மேல் வெள்ளை முள் எடுபடாது. கறுப்பில் சாயமிடாத வெள்ளை முள்ளும் ஆரஞ்சும் மஞ்சளும் தீக்கோடு போல எழும். தைத்தவர் உருவத்தைத் தொடங்கும் முன்பே பின்னணியைத் தீர்மானித்திருக்கிறார்.

முள்

முள்ளம்பன்றி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது நம் காடுகளில் தரையில் வளைதோண்டி வாழும், எழுதுகோல் போன்ற கறுப்பு வெள்ளைப் பட்டை முட்கள் கொண்ட விலங்கு. வட அமெரிக்க முள்ளம்பன்றி வேறு இனம் மட்டுமல்ல, வேறு குடும்பமே. அது மரமேறும். முட்கள் அடர்ந்த மயிருக்குள் மறைந்திருக்கும். ஓர் உடலில் சுமார் 30,000 முட்கள். நீளமானவையே ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர்தான். தண்டு வெள்ளை, நுனி கருமை. நுனியில் பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய செதில்கள் உண்டு. அதனால்தான் உடலில் ஏறினால் இறங்க மறுக்கிறது. இந்தச் செதில்கள் முள் தசைக்குள் நுழையத் தேவையான விசையையும் குறைக்கின்றன என்று 2012இல் பாஸ்டன் பகுதி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறுவை மருத்துவ ஊசிக்கு உதவுமா என்பது அவர்கள் கவலை. தையல்காரிக்கோ அந்த நுனி வெட்டி எறியவோ மறைக்கவோ வேண்டிய தொல்லை.

முள்ளின் உள்ளே பஞ்சு போன்ற சோறு, வெளியே மயிரும் நகமும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெரட்டின் உறை. நனைத்தால் இளகும், நசுக்கினால் பட்டையாகும், காய்ந்தால் அந்த வடிவத்திலேயே இறுகும். முழுக் கலையும் இந்த மூன்று குணங்களின்மேல் நிற்கிறது.

இறந்த விலங்கிலிருந்து பிடுங்கலாம். உயிருள்ள விலங்கின்மேல் கம்பளியை எறிந்து எடுத்தால் முட்கள் துணியில் ஏறிக்கொள்ளும், விலங்கு தன் வழியே போய்விடும். இன்று நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தவை பலருக்கு முதல் ஆதாரம். எடுத்த பின் கழுவி எண்ணெய்ப்பசை நீக்கி, அளவு வாரியாகப் பிரிப்பார்கள். வால் முட்கள் தடிமன். முதுகு முட்கள் நீளம். கழுத்துப் பக்கம் மெல்லியவை. வயிற்றுப் பக்கத்தவை எல்லாவற்றிலும் நுண்ணியவை. எந்தக் கோட்டுக்கு எந்த முள் என்பது இங்கேயே முடிவாகிவிடும். ஒரு பையில் அகலமான பட்டைகள் ஒரே சீரான முட்களால் ஆகியிருந்தால், தைத்தவரிடம் பெரிய இருப்பும் பொறுமையான பிரிப்பும் இருந்தன என்று பொருள். நடுவில் அகலம் மாறினால் இருப்பு தீர்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட தடயங்களைத்தான் தையலைப் படிப்பது என்கிறேன்.

சாயம்

1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் சுற்றிய ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் பேர் கால்ம், லின்னேயஸின் மாணவர். கனடாவில் பழங்குடிப் பெண்கள் காலியம் என்ற செடியின் வேரால் முள்ளம்பன்றி முட்களுக்குச் சிவப்பு ஏற்றுவதையும், அந்த நிறம் வெயிலுக்கும் நீருக்கும் அசையாமல் நிற்பதையும் அவர் எழுதிவைத்தார். காலியம், மஞ்சிட்டியின் குடும்பம். நம் சோழமண்டலக் கரையில் துணிகளைச் சிவக்கவைத்த சாயவேரும் அதே குடும்பம்தான். இரண்டு கண்டங்களில் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், சிவப்பு வேண்டுமென்று ஒரே தாவரக் குடும்பத்தின் வேரைத் தோண்டியிருக்கிறார்கள். இதற்குமேல் இந்த ஒற்றுமையை இழுத்துப் பார்க்க வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னசோட்டா ஒஜிப்வே மக்களிடம் பிரான்சஸ் டென்ஸ்மோர் என்ற ஆய்வாளர் பதிவுசெய்த முறைகளில், வெட்டினால் செந்நீர் கசியும் இரத்தவேர்ச் செடி, காட்டு பிளம், ஆல்டர் மரப்பட்டை ஆகியவை சிவப்புக்குப் பயன்பட்டன. பொன்னிழை வேர் எனத் தக்க மஞ்சள் நிறக் காப்டிஸ் வேர் மஞ்சளுக்கு. கறுப்புக்கு ஓக், பட்டர்நட் போன்ற துவர்ப்புள்ள தாவரங்களை இரும்புச் சத்துள்ள மண்ணோடு சேர்ப்பது தெரிந்த வழி. செடிகளில் நீலம் கிடைப்பது அரிது. அதற்கும் ஒரு வழி இருந்தது. வணிகர் கொண்டுவந்த நீலக் கம்பளித் துண்டை முட்களோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால், துணியிலிருந்து கழன்ற சாயம் முள்ளில் ஏறும். கம்பளியும் கெரட்டின், முள்ளும் கெரட்டின் என்பதால் ஒன்றைப் பற்றிய சாயம் மற்றதையும் பற்றுகிறது. சிவப்புக் கம்பளியும் இப்படிப் பயன்பட்டது. எனவே பதினெட்டாம் நூற்றாண்டுப் பை ஒன்றில் ஐரோப்பியச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டால் அது ‘கலப்படம்’ அல்ல. சந்தையில் கிடைத்ததைத் தன் கலைக்கு வளைத்துக்கொண்ட ஒருத்தியின் கெட்டிக்காரத்தனம்.

காலத்தைக் கணிக்கவும் சாயம் உதவுகிறது. செயற்கைச் சாயம் 1856இல்தான் பிறந்தது. கிராண்ட் கொண்டுபோன பொருளில் செயற்கைச் சாயம் தென்பட்டால், பின்னாளில் யாரோ பழுதுபார்த்திருக்கிறார்கள் அல்லது பொருளின் கதையே பொய் என்று முடிவுகட்டலாம். ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை கூம்பின் உலோகத்தையும் சாயத்தில் கலந்த உலோக உப்பையும் தொடாமலேயே சொல்லிவிடும். தாவரச் சாயத்தைப் பிரித்தறிய மட்டும் முள்ளின் ஒரு துணுக்கை இழக்க வேண்டியிருக்கும்.

தையல்

முள்ளை நீரில் ஊறவைக்கலாம். பழைய வழக்கம் வாயில் ஒதுக்கிக்கொள்வது. எச்சிலின் வெதுவெதுப்பில் முள் மெல்ல இளகும். எடுத்துப் பற்களுக்கிடையே இழுத்தால் தட்டையாகும். எலும்புக் கருவியாலோ நகத்தாலோ தேய்த்தும் தட்டையாக்கலாம். தையல் நூல், மானின் முதுகுத் தசைநாரைக் காயவைத்துப் பிரித்த இழை. அதன் நுனியை ஈரமாக்கி முறுக்கிக் காயவிட்டால் ஊசி தேவையில்லை, இழையே விறைத்து நிற்கும். குத்தூசியால் துளையிட்டு, அந்தத் துளைக்குள் இழையை நுழைப்பார்கள்.

அந்தத் துளை தோலை ஊடுருவிப் போகாது என்பதுதான் இதில் நுட்பம். தோலின் மேலடுக்குக்குள்ளேயே நுழைந்து, அங்கேயே வெளியேறும். பையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தையல் தடம் தெரியாது. மெல்லிய மான்தோலில் இதைச் செய்ய விரல்நுனிக்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பதைத் தைத்துப் பார்த்தவர்களே சொல்ல முடியும்.

இரண்டு இணையான தையல் வரிசைகளுக்கிடையே தட்டையான முள்ளை மேலும் கீழும் மடித்துப் போவது இரட்டை நூல் முறை. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு தையலுக்கு அடியில் சிக்கும். முள் தீரும் இடத்தில் அடுத்த முள்ளின் முனையை மடிப்புக்கடியில் செருகி, இணைப்பு தெரியாமல் தொடர்வார்கள். காயும்போது முள் சுருங்கித் தையலை இறுகப் பிடித்துக்கொள்ளும். நேரான பட்டைகள், பற்கள் போன்ற வரிசைகள், இரண்டு நிற முட்களைப் பின்னி எடுக்கும் வைர வடிவங்கள் எல்லாம் இம்முறையில் வரும். ஆனால் இறுக்கமான வளைவு வராது. வளைவுக்கு ஒற்றை நூலின்மேல் மெல்லிய முள்ளைச் சுற்றிக்கொண்டே போகும் கோட்டுத் தையல் வேண்டும்.

ஆகவே ஒரு பையில் பறவையின் உடல் நேர்கோட்டு முக்கோணங்களாகவும், அதன் இறகு நுனியோ விலங்கின் வாலோ வளைகோடாகவும் இருந்தால், அங்கே இரண்டு தையல் முறைகள் சந்திக்கின்றன. அருங்காட்சியகக் குறிப்புகள் பழைய பைகளை ‘வடிவியல் பாணி’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எனக்கு எரிச்சலூட்டும். வளைக்கத் தெரியாததால் அவர்கள் நேர்கோடு போடவில்லை. எங்கே நேர்கோடு, எங்கே வளைவு என்பதைத் தெரிந்தெடுத்தார்கள்; அதற்கேற்ப முள்ளையும் தையலையும் மாற்றினார்கள். பெயரில்லாத அந்தப் பெண்களின் எண்ணம் நமக்கு மிக நெருக்கமாக வருவது இந்த இடத்தில்தான்.

மேலே இடி, கீழே நீர்

கருந்தோல் பைகளில் அடிக்கடி வரும் உருவங்கள் இரண்டு. ஒன்று அனிமிக்கீ என்னும் இடிப்பறவை. இரு முக்கோணங்கள் நுனியோடு நுனி தொட்டு நிற்கும் மணற்கடிகை உடல், இருபுறம் விரிந்த சிறகுகள். சில பைகளில் ஒன்று, சிலவற்றில் இணையாக, சிலவற்றில் பெரியதன் அருகே சிறியவை. மற்றது மிஷிபிஷியூ என்னும் நீரடிச் சிறுத்தை. கொம்பு, உடலைச் சுற்றி வளையும் நீண்ட வால். சுபீரியர் ஏரியின் அகாவா பாறையில் செம்மண் காவியால் வரையப்பட்ட மிஷிபிஷியூவுக்கு முதுகு நெடுக முட்கள் உண்டு. அருகே படகுகளும் இரு பாம்புகளும் இருக்கின்றன.

இடிப்பறவைகள் இளவேனிலில் மற்றப் பறவைகளோடு வந்து இலையுதிர்காலத்தில் தெற்கே போகும். ஏரிப்பகுதியில் இடிமழை வரும் பருவமும் அதுவே. மிஷிபிஷியூ ஏரியின் ஆழத்தில் இருப்பது, செம்புக்கு உரிமையுடையது, வாலால் அலையெழுப்பிப் படகைக் கவிழ்க்கக் கூடியது. ஏரியைக் கடக்குமுன் புகையிலை இட்டு வேண்டிக்கொள்வார்கள். இரண்டுக்கும் இடையே ஓயாத போர். ஆனால் இதை நல்லது கெட்டது என்று பிரிப்பது மிஷனரிகள் கொண்டுவந்த கண்ணோட்டம். இரண்டுமே அஞ்சத்தக்கவை, இரண்டுமே கொடுக்கக் கூடியவை. ஒரே பையில் ஒரு முகத்தில் பறவையும் மறு முகத்தில் சிறுத்தையும் வரும்போது, அதை மாட்டியவர் இரண்டு உலகுகளுக்கும் நடுவில் நடக்கிறார்.

அலைக்கோடுகளும் வளைநெளி வரிகளும் உருவம் இல்லாத பைகளிலும் வருகின்றன. மணற்கடிகை மட்டும் தனியாக வருவதும் உண்டு. இவற்றை இடிப்பறவையின் சுருக்கக் குறி என்றும் நீரின் குறி என்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். பல இடங்களில் அது பொருந்துகிறது. இருந்தாலும் கொஞ்சம் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். இளமையில் உண்ணாநோன்பிருந்து கனவில் பெற்ற காப்பாளரைப் பற்றி அனிஷினாபே மக்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேசினால் வலிமை போய்விடும். அரைகுறையாக, சாடையாகக் காட்டுவதே அங்கே முறை. ஒரு பையின் ஒவ்வொரு கோட்டுக்கும் அகராதிப் பொருள் எழுதிவிடத் துடிப்பது, சொல்லாமல் விட்டதையும் பிடுங்கப் பார்ப்பதுதான். ஒஜிப்வே வரலாற்றாளர் ஆலன் கார்பியேர் போன்றவர்கள் இந்த உருவங்களைத் தம் மொழியின் கதைகளோடு வைத்துப் படிக்கிறார்கள். இடிப்பறவையும் சிறுத்தையும் பையின்மேல் உறைந்த சின்னங்களாக அல்லாமல் ஒரு நிகழ்ச்சியின் பாத்திரங்களாகத் தெரிவது அப்போதுதான்.

பயன்பட்ட பையா, பரிசுப் பையா

அதிகாரிகளின் தொகுப்பில் உள்ள பொருளைக் கேட்க வேண்டிய கேள்வி இது. விடை தேய்மானத்தில் இருக்கும். வாரின் உட்புறம் தோளெண்ணெயால் மினுக்குகிறதா, வாய் விளிம்பு நைந்திருக்கிறதா, உள்ளே புகையிலைத் தூளோ ஈயத் துணுக்கோ தங்கியிருக்கிறதா, உடலோடு உரசும் பக்கத்தில் முட்கள் உடைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எதுவும் இல்லாமல் இரு பக்கமும் புத்தம் புதிதாக இருந்தால், அந்தப் பை கொடுப்பதற்காகவோ விற்பதற்காகவோ தைக்கப்பட்டிருக்கும். அதனால் அதன் மதிப்பு குறையாது. உறவாக ஏற்கப்படும் அந்நியனுக்குத் தைக்கும்போது கைவேலை தாழ்ந்துபோகும் என்று எண்ணுவது நம் கடைத்தெருப் புத்தி.

தேய்மானத்தை மறைக்கும் சேதங்களும் உண்டு. முள்ளைப் பூச்சி அரிக்கும். வெளிச்சம் சாயத்தை உண்ணும்; ஆகவே காட்சியில் சுமார் 50 லக்ஸ் ஒளிக்குமேல் விடமாட்டார்கள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்புச் சாயம் தோலையே மெல்ல அரித்து நொறுங்கவைக்கும். எந்தக் கறுப்பு முட்களை எடுப்பாக்கியதோ அதுவே பையின் எமன். பழைய அருங்காட்சியகங்கள் பூச்சிக்குத் தெளித்த ஆர்சனிக் வேறு. பரம்பரைப் பொருளைத் தொட்டுப் பார்க்க வரும் பேத்திக்கு முதலில் கையுறை நீட்ட வேண்டியிருக்கிறது.

முள் போய் மணி வந்தது, முழுவதும் அல்ல

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெனிஸ், பொஹிமியா பாசிமணிகள் மூட்டைமூட்டையாக வந்தன. இரும்பு ஊசி, பருத்தி நூல், நிறம் ஏற்றத் தேவையில்லாத மணி. நிலம் ஒப்பந்தங்களில் போய், மக்கள் ஒதுக்கிடங்களில் அடைபட்ட காலம் அது. பூ வேலைப்பாடு நிறைந்த, மார்புக்குக் குறுக்கே மாட்டும் பெரிய பாசிமணிப் பைகள் எழுந்தன. ஒஜிப்வே மொழியில் கஷ்கிபிடாகன். சிலவற்றில் உள்ளே கைவிடப் பையே கிடையாது, முழுக்க அலங்காரம். இடிப்பறவை பின்வாங்கி, ரோஜாவும் கொடியும் முன்னே வந்தன. இதைப் பண்பாட்டுச் சரிவு என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிழைக்கும் தந்திரமாகவே படுகிறது. மிஷனரியின் கண்ணுக்கும் வெள்ளைக்காரச் சீமாட்டியின் பணப்பைக்கும் பூ உறுத்தாது. காட்டு மூலிகைகளை அறிந்தவர்களுக்கோ அந்தப் பூக்கள் வெறும் பூக்களும் அல்ல.

முள் வேலை அழியவில்லை. தோலை விட்டு மரப்பட்டைக்கு நகர்ந்தது. ஹூரான் ஏரியிலுள்ள மனிட்டூலின் தீவிலும் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டாஸ்கி, ஹார்பர் ஸ்பிரிங்ஸ் பகுதிகளிலும் பூர்ஜ மரப்பட்டைப் பெட்டிகள் முள்ளால் அலங்கரிக்கப்படுகின்றன. அங்கே முள்ளைத் தட்டையாக்குவதில்லை. உருண்டையாகவே வைத்து, பட்டையில் துளையிட்டு இரு முனைகளையும் உள்ளே செருகி மடிக்கிறார்கள். உட்புறத்தை மற்றொரு பட்டையால் மூடிவிடுகிறார்கள். ஒடாவா கலைஞர் இவோன் வாக்கர் கெஷிக் இந்தக் கலைக்காக 2014இல் அமெரிக்க தேசியக் கலை நிறுவனத்தின் மரபுக் கலைஞர் விருதைப் பெற்றார். விலங்கும் பறவையும் அவர் பெட்டிகளில் அத்தனை உயிர்ப்போடு இருக்கின்றன. தோலில் தைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்கு முன்மாதிரி வேண்டுமானால் டப்ளினுக்கோ ஒட்டாவாவுக்கோ வாஷிங்டனுக்கோ போக வேண்டும்.

அந்தத் தொலைவைக் குறைக்க 2005இல் ஒரு முயற்சி தொடங்கியது. பேரேரிகள் பகுதியின் பழங்குடிக் கலைகளை ஆராயும் கூட்டணி அது. சுருக்கப் பெயர் கிராசாக். ரூத் பிலிப்ஸ், ஆலன் கார்பியேர், ஹைடி போஹேக்கர், டார்லின் ஜான்ஸ்டன் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களில் அடங்குவர். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அருங்காட்சியகத்தாரும் பழங்குடிச் சமூகத்தினரும் சேர்ந்து ஐரோப்பியத் தொகுப்புகளுக்கு நேரில் போய், பொருளைக் கையில் எடுத்து, படமெடுத்துப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். 2007இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்ஃபர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் இப்படிப் பார்த்தார்கள். மொழி தெரிந்தவரும் தைக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் கேள்விகளே மாறிவிடுகின்றன. இது எந்த நூற்றாண்டு என்பதற்குப் பதில், இந்த முள் எந்தப் பக்கத்திலிருந்து மடிக்கப்பட்டது என்று கேட்கிறார்கள்.

நான் சொல்ல விரும்பும் வேலையும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. மடிப்பின் திசை, ஓர் அங்குலத்துக்குள் விழும் மடிப்புகள், முள் தீரும் இடத்தில் அடுத்ததைச் செருகும் விதம், வரிசை திரும்பும் மூலையை முடிக்கும் பாங்கு ஆகியவை ஒவ்வொரு கைக்கும் தனித்தன்மை கொண்டவை. ஆவணத்தில் கையெழுத்தை ஒப்பிடுவது போல இவற்றை ஒப்பிடலாம். கால்ட்வெல் தொகுப்பிலும் ஷ்பையர் வாங்கிய மற்றப் பொருள்களிலும் ஃபாஸ்டரின் உடையிலும் டெட்ராய்ட் கலைக் கழகத்திலுள்ள சாண்ட்லர்–போர்ட் தொகுப்பிலும் உள்ள முள் வேலைகளை, சேகரித்தவர் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, தையலின்படி மட்டும் அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒரே கை இரண்டு தொகுப்புகளில் தென்பட்டால், அந்தப் பெண் எந்தக் கோட்டையருகே எந்த ஆண்டுகளில் தைத்தாள் என்று சொல்ல முடியும். அங்கிருந்து ஒரு குடியிருப்பை, ஒரு குடும்பக் குலக்குறியை எட்டுவதற்கு மிஷன் பதிவேடுகளும் ஒப்பந்தப் பட்டியல்களும் இருக்கின்றன. நுண்படக் கருவியும் தரவுத்தளமும் தயார். முதலில் தேவைப்படுவது, தைக்கத் தெரிந்த அனிஷினாபே பெண்களை விருந்தினராக அல்லாமல் ஊதியம் பெறும் ஆய்வாளராக அந்த மேசையில் அமர்த்துவது.